நரிக்கு வைத்த கோழித்தலை

சுவிட்சர்லாந்தில் நாய் வளர்ப்பவர்கள் கால்நடை மருத்துவரின் பில்லைக் கையில் வாங்கும்போது கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இந்த நாட்டில்தான் வெறிநாய்க்கடி நோயே இல்லையே, பிறகு என் நாய்க்கு ரேபிஸ் ஊசி எதற்கு?" நியாயமான கேள்வி. 1999 முதல் சுவிட்சர்லாந்து ரேபிஸ் அற்ற நாடு. நாட்டு எல்லையைத் தாண்டாத நாய்க்கு ரேபிஸ் தடுப்பூசி அங்கே சட்டப்படி கட்டாயமும் இல்லை.

இந்தக் கேள்விக்கான விடை நாயிடம் இல்லை, நரியிடம் இருக்கிறது. ரேபிஸை அந்த நாடு எப்படி ஒழித்தது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் இன்று ஒரு நாய்க்குச் செலவிடும் பணம் எதற்காகப் போகிறது என்பது விளங்கும். தெருநாய்ச் சிக்கலில் திணறிக்கொண்டிருக்கும் நமக்கும் அந்தக் கதையில் நேரடியான பாடம் இருக்கிறது.

வடக்கிலிருந்து வந்த நோய்

இரண்டாம் உலகப் போர் தொடங்கிய காலத்தில் போலந்தின் கிழக்கு எல்லைப் பக்கம் செந்நரிகளிடையே ரேபிஸ் பரவத் தொடங்கியது. ஆண்டுக்கு 20 முதல் 60 கிலோமீட்டர் வீதம் அது மேற்கு நோக்கி நகர்ந்தது. ஜெர்மனியைக் கடந்து, 1967 மார்ச் 3 அன்று வடக்கு எல்லை வழியாக சுவிட்சர்லாந்துக்குள் நுழைந்தது. அதற்கடுத்த முப்பது ஆண்டுகளில் அங்கே 17,000-க்கும் மேற்பட்ட விலங்குகளுக்கு ரேபிஸ் இருந்தது ஆய்வகத்தில் உறுதியானது. ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நரிகள். மாடு, ஆடு, பூனை, நாய் என்று வீட்டு விலங்குகளும் நரியிடமிருந்து நோயை வாங்கிக்கொண்டன. மூன்று மனிதர்கள் இறந்தார்கள். நோயுற்ற விலங்கோடு தொடர்பு நேர்ந்துவிட்டது என்ற அச்சத்தில் ஊசி போட்டுக்கொண்டவர்கள் சுமார் 25,000 பேர்.

ரேபிஸ் வைரஸ் கடித்த இடத்திலிருந்து நரம்பு வழியாக மெல்ல ஏறி மூளையை அடைகிறது. இந்தப் பயணத்துக்குப் பெரும்பாலும் சில வாரங்களோ சில மாதங்களோ ஆகும். அந்த இடைவெளிக்குள் தடுப்பூசி போட்டால் உயிர் தப்பலாம். அறிகுறி தெரிந்துவிட்டால் அநேகமாக மரணம்தான். மூளையிலிருந்து உமிழ்நீர்ச் சுரப்பிக்கு இறங்கும் வைரஸ், விலங்கின் இயல்பையும் மாற்றிக் கடிக்க வைக்கிறது. அடுத்த உடலுக்குப் போக அதற்கு வேறு வழி வேண்டியதில்லை.

மற்ற நாடுகள் செய்ததையே சுவிஸ் அரசும் முதலில் செய்தது. நரிகளைச் சுட்டார்கள், வளைகளுக்குள் நச்சுவாயு செலுத்தினார்கள். அதே வளைகளில் குடியிருந்த பாவத்துக்குக் கரடி போன்ற உடலமைப்புள்ள பேட்ஜர் என்ற விலங்கும் கூட்டம் கூட்டமாக மடிந்தது. நோய் மட்டும் நிற்கவில்லை.

நிற்காததற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு நரிக்கும் தனக்கென்று ஒரு நிலப்பரப்பு இருக்கிறது. அங்கே வாழும் நரியைக் கொன்றால் இடம் காலியாகிறது. பக்கத்து இளம் நரிகள் அதைப் பிடிக்க ஓடி வருகின்றன. வருகிற வழியில் சண்டை, கடி. எஞ்சிய நரிகளுக்கு இரை தாராளமாகக் கிடைப்பதால் குட்டிகள் அதிகம் பிழைக்கின்றன. நோய் எதிர்ப்பாற்றல் இல்லாத புதிய விலங்குகள் இப்படி வந்து நிறைவதுதான் வைரஸுக்கு வேண்டியது. கொன்று குறைக்கும் வேகத்தைவிடப் பிறந்து நிறையும் வேகம் கூடுதலாக இருக்கும்வரை, கொலை அந்த நோய்க்குத் தீனி போடும் வேலையாகவே முடியும்.

கோழித்தலைக்குள் ஒரு மருந்து

அமெரிக்காவில் ஜார்ஜ் பேர் என்ற ஆய்வாளரின் குழு, நரிக்கு வாய் வழியாக ரேபிஸ் தடுப்பு மருந்து கொடுக்க முடியும் என்று 1970-களின் தொடக்கத்தில் காட்டியிருந்தது. ஆய்வகக் கூண்டில் நடந்ததைக் காட்டில் செய்து பார்க்கத் துணிந்தவர் பெர்ன் பல்கலைக்கழகத்தின் ஃபிரான்ஸ் ஸ்டெக். அலெக்சாண்டர் வாண்டலர் உள்ளிட்டோர் அவருடன் இருந்தார்கள்.

நரியைப் பிடித்து ஊசி போட முடியாது. மருந்து நரியைத் தேடிப் போக வேண்டும். அதற்கு அவர்கள் தேர்ந்தெடுத்த ஊடகம் கோழித்தலை. இறைச்சிக்கூடங்களில் கழிவாகக் கிடைப்பது, மலிவானது, நரி விரும்பித் தின்பது. தலையின் தோலை லேசாகத் தூக்கி, திரவ மருந்து அடைத்த சிறிய உறை ஒன்றை அதனடியில் செருகினார்கள். அதை அங்கே வைத்ததில் ஒரு நுட்பம் இருக்கிறது. மருந்து இரைப்பைக்குப் போனால் அமிலத்தில் செத்துவிடும், பயனில்லை. நரி தலையைக் கடித்து மெல்லும்போது உறை உடைந்து, திரவம் வாய்க்குள் பரவி, தொண்டையிலுள்ள டான்சில் திசுவைத் தொட வேண்டும். வலுவிழக்கச் செய்யப்பட்ட உயிருள்ள வைரஸ் அந்தத் திசுவில் சிறிது பெருகும். உடல் அதை அடையாளம் கண்டு எதிர்ப்பொருள்களை உண்டாக்கும். ஆகவே விழுங்கப்படாமல் மெல்லப்படும் இரைதான் தேவை. எலும்புள்ள கோழித்தலை அதற்குத் தோதாக அமைந்தது.

மருந்து தின்ற நரி எது என்று பிறகு எப்படிக் கண்டுபிடிப்பது? இரையோடு டெட்ராசைக்ளின் என்ற பழைய நுண்ணுயிர்க்கொல்லியைச் சேர்த்தார்கள். அது பல்லிலும் எலும்பிலும் படியும். வேட்டையில் விழுந்த நரியின் பல்லைச் சீவி, புற ஊதாக் கதிர் படும்படி நுண்ணோக்கியில் பார்த்தால் மஞ்சளாக ஒளிரும். எத்தனை நரிகளை மருந்து எட்டியது என்பதை இப்படிக் கணக்கிட்டார்கள்.

1978 அக்டோபரில் ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் வாயிலில் நாலாயிரத்துச் சொச்சம் கோழித்தலைகளைப் போட்டார்கள். காட்டு விலங்குகளுக்கு ரேபிஸ் தடுப்பு மருந்தைத் திறந்தவெளியில் கொடுத்த உலகின் முதல் முயற்சி அதுதான். இடத்தையும் யோசித்தே தேர்ந்தார்கள். ஜெனீவா ஏரிப் பக்கமிருந்து நோய் பள்ளத்தாக்கின் வழியே மேலேறி வந்துகொண்டிருந்தது. இருபுறமும் ஆல்ப்ஸ் மலை. நரிகள் உயர்ந்த சிகரங்களைக் கடந்து போவதில்லை. வாயிலில் வாழும் நரிகளுக்கு எதிர்ப்பாற்றல் வந்துவிட்டால் நோய் உள்ளே போக வழியில்லை. கணக்கு பலித்தது. அந்த எல்லையைத் தாண்டிப் பள்ளத்தாக்கின் மேற்பகுதிக்கு நோய் ஏறவில்லை.

அடுத்தடுத்துப் பள்ளத்தாக்குகளை இப்படி அடைத்தார்கள். கால்நடையாகப் போக முடியாத இடங்களில் ஹெலிகாப்டரிலிருந்து இரை போட்டார்கள். 1982-இல் அப்படியொரு பணியின்போது ஹெலிகாப்டர் விபத்துக்குள்ளாகி ஃபிரான்ஸ் ஸ்டெக் உயிரிழந்தார். அவர் தொடங்கிய வேலையை மற்றவர்கள் தொடர்ந்தார்கள். 1983-இல் ஜெர்மனி பின்பற்றியது. பின்னர் பெல்ஜியம், பிரான்ஸ் என்று பரவி, இன்று மேற்கு ஐரோப்பா முழுவதும் நரி ரேபிஸ் இல்லாத நிலம்.

குட்டிக்கு ஏன் பல ஊசி?

வெற்றி நேர்கோட்டில் வரவில்லை. 1990-களின் தொடக்கத்தில் நோய் மறுபடி தலைதூக்கியது. நரிகள் நோயில் சாகாததால் எண்ணிக்கை கூடியிருந்தது. பழைய அளவு இரை போதவில்லை. மருந்து எட்டாத குட்டிகள் தடுப்பில் பெரிய ஓட்டையாக இருந்தன. வசந்தத்தில் போடும் இரை வளைக்குள் இருக்கும் குட்டியை எட்டாது. எட்டினாலும் தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள்கள் மருந்தை முறித்துவிடும். ஆகவே இரையை நெருக்கமாகப் போட்டதோடு, கோடைத் தொடக்கத்தில் வளைகளைத் தேடிப் போய் அவற்றின் வாயிலிலும் வைத்தார்கள். 1996-இல் கடைசி நோயுற்ற விலங்கு கண்டறியப்பட்டது. மூன்று ஆண்டுகள் கழித்து நாடு ரேபிஸ் அற்றதாக அறிவிக்கப்பட்டது.

வீட்டு நாய்க்குட்டிக்கு ஏன் மீண்டும் மீண்டும் ஊசி போடுகிறார்கள் என்பதற்கும் இதே உயிரியல்தான் விடை. பிறந்தவுடன் குடிக்கும் சீம்பாலில் தாயின் எதிர்ப்பொருள்கள் குட்டிக்குள் வருகின்றன. அவை குட்டியைக் காக்கின்றன. அதே வேளையில் தடுப்பூசி மருந்தையும் பகையாக நினைத்து அழித்துவிடுகின்றன. இந்தக் காவல் எட்டாவது வாரத்தில் கரையுமா, பதினான்காவது வாரத்தில் கரையுமா என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடும். வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. எனவே 8, 12, 16 வாரங்களில் போட்டு, ஏதாவது ஒன்று சரியான நேரத்தில் பிடித்துக்கொள்ளும்படி செய்கிறார்கள். ஓராண்டு கழிந்து ஒரு வலுவூட்டு ஊசி. "ஒரே மருந்தை நான்கு தடவை விற்கிறார்கள்" என்று நினைப்பவர்கள் இதை அறிந்தால் நடுவில் நிறுத்த மாட்டார்கள்.

பில்லில் என்னென்ன?

சுவிட்சர்லாந்தில் எல்லா நாய்க்கும் பரிந்துரைக்கப்படுபவை டிஸ்டம்பர், தொற்றுக் கல்லீரல் அழற்சி, பார்வோ, எலிக்காய்ச்சல் ஆகிய நான்குக்கும் எதிரான ஊசிகள். முதல் மூன்றும் வைரஸ் நோய்கள். வலுவிழந்த உயிர் வைரஸைக் கொண்ட அந்த ஊசிகள் நீண்ட நினைவை உடலில் பதிக்கின்றன. அடிப்படைச் சுற்று முடிந்தபின் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை போட்டால் போதும். எலிக்காய்ச்சல் பாக்டீரியா நோய். அதற்கான ஊசி கொல்லப்பட்ட கிருமியால் ஆனது. அது தரும் காவல் சீக்கிரம் தேய்கிறது. அதனால் ஆண்டுதோறும் போட வேண்டும். ஐரோப்பாவில் நாய்களுக்கு எலிக்காய்ச்சல் மிகுதியாக வரும் நாடுகளில் சுவிட்சர்லாந்தும் ஒன்று. நுரையீரலில் இரத்தம் கசிந்து இரண்டொரு நாளில் நாயைக் கொல்லும் கடுமையான வடிவத்தை பெர்ன் கால்நடை மருத்துவமனை தொடர்ந்து பதிவுசெய்திருக்கிறது. எலிக்காய்ச்சலின் நான்கு வகைக் கிருமிகளுக்கு எதிரான ஊசி 2013-இல் அங்கே வந்தது.

கட்டணத்தை அரசு நிர்ணயிப்பதில்லை. ஒரு தடவை ஊசிக்குப் போனால் பரிசோதனையும் சேர்த்து ஏறத்தாழ நூறு பிராங்க் அளவில் ஆகும். ஊருக்கும் மருத்துவமனைக்கும் ஏற்பக் கூடும், குறையும். முதல் ஆண்டில் மூன்று நான்கு தடவை போக வேண்டியிருப்பதால் சில நூறு பிராங்குகள். இதில் மருந்துக் குப்பியின் விலை சிறு பகுதிதான். பெரும்பகுதி மருத்துவரின் நேரத்துக்கும் உதவியாளர் சம்பளத்துக்கும் இட வாடகைக்கும் போகிறது. காய்ச்சலோடு இருக்கும் நாய்க்கு ஊசி போட்டால் எதிர்ப்பாற்றல் சரியாக உருவாகாது என்பதால் இதயத் துடிப்பு, பல், ஈறு, எடை எல்லாம் பார்த்த பின்பே போடுவார்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஒரு மருத்துவரின் கை நாயின் உடம்பில் படுவதற்கும் அந்தப் பணம்தான். போகுமுன் தொலைபேசியில் கட்டணம் கேட்பதில் தவறில்லை. பரிசோதனை சேர்த்தா, சேர்க்காமலா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

குடற்புழு மருந்தும் இந்தக் கணக்கில் வரும். ரேபிஸ் ஒழிந்தபின் நரிகள் பெருகி ஜூரிச் நகரத் தெருக்களிலேயே குடியேறின. அவற்றின் குடலில் வாழும் நாடாப்புழு ஒன்று மனிதனின் கல்லீரலில் புற்றுநோயைப் போல வளரக்கூடியது. எலி பிடித்துத் தின்னும் நாயும் அந்தப் புழுவை வீட்டுக்குக் கொண்டுவரலாம். ஒரு நோயை ஒழித்த பின்னும் கவனம் தேவை என்பதை இது உணர்த்துகிறது.

கொழும்பிலிருந்து, சென்னையிலிருந்து

நோய் இல்லாத நாட்டுக்கு ஆபத்து வெளியிலிருந்துதான் வரும். 2003-இல் வட ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு நாய்க்குட்டிக்கு சுவிட்சர்லாந்தில் ரேபிஸ் கண்டறியப்பட்டது. பக்கத்து நாடான பிரான்ஸ், வெளியிலிருந்து வந்த நோய் உள்ளூர் நாய்க்குப் பரவியதால் 2008-இல் ரேபிஸ் அற்ற நாடு என்ற தகுதியையே இழந்து, இரண்டு ஆண்டுகள் கழித்தே மீட்டது. ஒரே ஒரு நாய் போதும். பக்கத்து நாடுகளுக்கு நாயோடு விடுமுறைக்குப் போய்வரும் சுவிஸ்காரருக்கும் ரேபிஸ் ஊசி கட்டாயமாவது இதனால்தான்.

இந்தியாவும் இலங்கையும் ரேபிஸ் அபாயமுள்ள நாடுகளின் வரிசையில் இருக்கின்றன. ஊரில் வளர்த்த நாயை சுவிட்சர்லாந்துக்குக் கூட்டி வர விரும்பும் தமிழர்கள் விதிகளை முன்கூட்டியே அறிந்துகொள்வது நல்லது. முதலில் நாயின் தோலுக்கடியில் மைக்ரோசிப். அதன் பிறகே ரேபிஸ் ஊசி. குட்டிக்கு 12 வாரம் நிறைந்திருக்க வேண்டும். ஊசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து இரத்தம் எடுத்து, அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும். மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகுக்குக் குறையாமல் எதிர்ப்பொருள் இருந்தால், இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். நேரடி விமானத்தில் வந்தால் சுவிஸ் கால்நடை அலுவலகத்தின் முன் அனுமதியும் வேண்டும். கூட்டிப் பார்த்தால் குட்டிக்கு ஏழு மாதம் ஆகிவிடும்.

மூன்று மாதக் காத்திருப்பு வெறும் கெடுபிடி இல்லை. ஊசி போடுவதற்கு முன்பே நோயுற்ற விலங்கு ஏதாவது அந்த நாயைக் கடித்திருந்தால், வைரஸ் அப்போதே நரம்பில் ஏறிக்கொண்டிருக்கும். அந்த நோய் வெளிப்படக் காலம் கொடுக்கிறார்கள். விதியை மீறிக் கொண்டுவரப்படும் நாயைத் தனிமைப்படுத்தவோ, திருப்பி அனுப்பவோ, வேறு வழியில்லாவிட்டால் கருணைக்கொலை செய்யவோ அதிகாரிகளுக்கு உரிமை உண்டு. செலவு உரிமையாளருடையது. சுவிஸில் வளர்ந்த நாயை விடுமுறைக்கு ஊருக்குக் கூட்டிப் போகிறவர்கள், கிளம்பும் முன்பே சுவிஸிலேயே இரத்தப் பரிசோதனையை முடித்துக்கொண்டு, ஊசிக் காலக்கெடு தவறாமல் பார்த்துக்கொண்டால் திரும்பி வரும்போது இந்த மூன்று மாதத் தவிப்பு இல்லை. கெடு முடிந்து ஒரு நாள் தாமதமாகப் போட்டாலும் அது முதல் ஊசியாகவே கணக்கிடப்படும்.

நம் ஊருக்கு

1902-இல் குன்னூரில் வெறிநாய் கடித்த ஓர் ஆங்கிலேயப் பெண், சிகிச்சைக்கு வட இந்தியாவின் கசௌலிக்குத்தான் போக வேண்டும் என்ற நிலையில், காலத்தில் சிகிச்சை கிடைக்காமல் இறந்தார். அந்த மரணத்தின் விளைவாக 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் திறக்கப்பட்டது. நூறாண்டுக்கும் மேலாக நம்மிடம் தடுப்பூசி அறிவு இருக்கிறது. ஆனாலும் உலகில் ரேபிஸால் இறப்பவர்களில் மூன்றில் ஒருவர் இந்தியர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. மனிதனுக்கு ஊசி போடுவதில் கவனம் வைத்தோம். நோயைச் சுமக்கும் விலங்குக்குப் போடுவதை விட்டுவிட்டோம்.

சுவிட்சர்லாந்தில் சுமந்தது நரி. இங்கே நாய். ஒரு வெறிநாய் சராசரியாக ஒன்றிலிருந்து இரண்டு நாய்களுக்குத்தான் நோயைக் கொடுக்கிறது. தட்டம்மை போன்ற நோய்களோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு. அதனால் ஓர் ஊரின் நாய்களில் 70 விழுக்காட்டுக்கு ஆண்டுதோறும் ஊசி போட்டால் சங்கிலி அறுந்துவிடும். பழைய நாய்கள் இறந்து புதிய குட்டிகள் பிறந்து, அடுத்த சுற்று வருவதற்குள் அந்த விகிதம் குறைந்தாலும் வைரஸுக்குப் போதுமான இடம் கிடைக்காது. இலங்கையில் 1973-இல் 377 பேர் ரேபிஸால் இறந்தார்கள். பல்லாண்டு நாய்த் தடுப்பூசிக்குப் பின் அண்மைக் காலத்தில் ஆண்டுக்கு முப்பதை ஒட்டியோ அதற்குக் கீழோதான். கோவாவில் 2013-இல் தொடங்கிய பெருந்திரள் தடுப்பூசி இயக்கம் மனித மரணங்களை அநேகமாக நிறுத்திக் காட்டியிருக்கிறது.

தெருநாய்களைக் கொன்றுவிடலாம் என்ற குரல் ஒவ்வொரு கடிக்குப் பின்னும் எழுகிறது. குழந்தை கடிபட்டதைப் பார்த்த பெற்றோரின் கோபத்தை யாரும் குறைசொல்ல முடியாது. ஆனால் சுவிஸ் காடுகளில் துப்பாக்கியும் நச்சுவாயுவும் பத்தாண்டுக்கும் மேலாகத் தோற்ற பின்பே கோழித்தலை வென்றது. காலியான தெருவுக்கு, ஊசி போடாத வேறு நாய் வந்து சேரும். ஊசி போட்ட நாய் இருக்கும் தெரு, இல்லாத தெருவைவிடப் பாதுகாப்பானது.

நாய்க்கு ஊசி போட ஆகும் செலவை ஒரு நாயின் பெயரில் எழுதுவது தவறான கணக்கு. அது ஊர்க் கணக்கு. நம் ஊரில் நாய்க்கு ஒரு ரேபிஸ் ஊசி சில நூறு ரூபாய். அரசு கால்நடை மருத்துவமனைகளிலும் மாநகராட்சி முகாம்களிலும் இலவசமாகவோ மிகக் குறைந்த செலவிலோ கிடைக்கிறது. கடிபட்ட ஒரு மனிதருக்கு நான்கைந்து ஊசியும், ஆழமான காயமென்றால் விலையுயர்ந்த எதிர்ப்பொருள் மருந்தும், சில நாள் கூலி இழப்பும் ஆகும்.

வீட்டில் நாய் இருந்தால் அதன் ஊசிப் புத்தகத்தை இன்றே எடுத்து அடுத்த தேதியைப் பாருங்கள். நீங்கள் சோறு வைக்கும் தெருநாய்க்கும் ஊசி போடப்பட்டிருக்கிறதா என்று கேட்டு, இல்லையென்றால் முகாமுக்குச் சொல்லுங்கள். நாய் கடித்தால் மஞ்சளும் சுண்ணாம்பும் தடவ வேண்டாம். ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். பிடிக்கவே முடியாத காட்டு நரிக்கு ஒரு நாடு மருந்து கொடுத்து முடித்திருக்கிறது. கூப்பிட்டால் வாலாட்டி வரும் நாய்க்கு நம்மால் முடியாதென்று சொல்வதற்கு எந்தக் காரணமும் இல்லை.